வேலையில்லாதோரின் இனத்தை எங்கே கேட்பது: கணக்கெடுப்பிலா, வேலைவாய்ப்பு அலுவலகக் கவுண்டரிலா?

வேலையில்லாதவர்களில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று அரசு எண்ணலாமா என்ற பேச்சு எழுந்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். எண்ணாவிட்டால் பாகுபாடு கண்ணுக்கே தெரியாது என்கிறது ஒரு கட்சி. எண்ணுவதுதான் பாகுபாட்டின் முதல் படி என்கிறது மற்றொன்று. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. இந்தச் சண்டையில் அடிபட்டுப் போவது நடைமுறைக் கேள்விகள்தான். யார் கேட்பது? எந்த இடத்தில் வைத்துக் கேட்பது? பதிலை எழுதும் கை யாருடையது? எழுதிய தாள் யாரிடம் போகிறது? எண்ணலாமா கூடாதா என்பதற்கான விடையே இவற்றுக்குள்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

உலகில் நடப்பில் உள்ள வழிகள் ஏறத்தாழ நான்கு. கேட்காமலே இருப்பது, வீடுவீடாக நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்பது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியும்போது கேட்பது, இனத்தைக் கேட்காமல் பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு ஆகியவற்றைக் கேட்டு ஊகிப்பது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலையின்மை விகிதம் வேண்டுமா, கணக்கெடுப்புக்குப் போங்கள். அலுவலகம் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்று பார்க்க வேண்டுமா, பதிவேட்டுக்குப் போங்கள். ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

கேட்காமல் இருப்பது

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் பிரான்ஸ். தனிநபர் தரவு பற்றிய அந்நாட்டின் 1978ஆம் ஆண்டுச் சட்டம், இனத் தோற்றத்தைப் பதிவதைப் பொதுவாகத் தடுக்கிறது. 2007 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம், ஆய்வுகள் புறநிலையான விவரங்களை ஆதாரமாகக் கொள்ளலாமே தவிர, இனத் தோற்றத்தையோ நிறத்தையோ அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குடியரசின் முன் எல்லாரும் குடிமக்கள், அவ்வளவுதான் என்பது இதன் பின்னாலுள்ள தத்துவம்.

ஆனால் அங்கும் முழு மௌனம் நிலைக்கவில்லை. பிரான்சின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 2005 முதல் பெற்றோரின் பிறந்த நாடும் குடியுரிமையும் கேட்கப்படுகின்றன. இனத்தை எண்ண மாட்டோம் என்ற நாடு, இனத்தின் நிழலை எண்ணத் தொடங்கியது. அந்த நிழல் சிலர் மீது விழுவதே இல்லை. கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளிலிருந்து பாரிசுக்கு வந்தவரின் பேரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் பிரான்சில் பிறந்தவர், பெற்றோரும் பிரான்சில் பிறந்தவர்கள், எல்லாரும் பிரெஞ்சுக் குடிமக்கள். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் அவருடைய தோலைப் பார்க்கிறார். அட்டவணை அதைப் பார்ப்பதில்லை.

இப்படிச் சொல்வதால் கேட்கக் கூடாது என்பவர்களின் அச்சம் வெற்று அச்சம் ஆகிவிடாது. நெதர்லாந்தின் மக்கள் பதிவேட்டில் மத விவரமும் இருந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது யூதர்களைத் தேடிப் பிடிக்க அது கைகொடுத்தது. 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்பு இயக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தீ வைத்ததும் அதனால்தான். ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930களில் அடையாள அட்டையில் இனத்தைப் பொறித்தது. 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு வரி உயிரைத் தீர்மானித்தது. இந்த இரண்டிலும் ஆபத்து பெயரோடு ஒட்டிய பதிவில் இருந்தது, தொகுத்த அட்டவணையில் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அந்தச் சமாதானத்தையும் கெடுத்துவிட்டது. ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்குக் கொண்டுபோக 1942இல் பயன்பட்டவற்றில், தெருத் தொகுதி அளவுக்குப் பிரித்த எண்ணிக்கைகளும் இருந்தன. பெயரில்லாத எண்ணிக்கையும் போதிய அளவு சிறிய இடத்துக்கு இறங்கினால் விலாசமாகிவிடும்.

ஆகவே கேட்காமல் இருப்பதை ஒரு தேர்வாக நான் மதிக்கிறேன். அரசின் மீது மக்களுக்கு நம்பிக்கை அறவே இல்லாத இடத்தில் அதுவே சரியான தேர்வாகவும் இருக்கலாம். அதன் விலை என்ன என்பதை மட்டும் மறைக்கக் கூடாது.

மாதிரிக் கணக்கெடுப்பு

நான்கில் உறுதியானது இதுதான். முதல் காரணம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி வேலையில்லாதவர் என்பவர் வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டு, கிடைத்தால் சேரத் தயாராக இருப்பவர். இதை நேரில் கேட்டால்தான் தெரியும். அலுவலகத்தில் பெயர் பதிந்திருப்பது வேறு, வேலையில்லாமல் இருப்பது வேறு. இரண்டாவது காரணம், விகிதத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒரே தாளிலிருந்து வருகின்றன. ஒரே ஆள் ஒரே கேள்விக்குச் சொன்ன பதிலைக் கொண்டு வேலையில்லாதோரையும் எண்ணுகிறோம், மொத்தத் தொழிலாளர் படையையும், அதாவது வேலையில் இருப்பவரையும் வேலை தேடுபவரையும் சேர்த்து, எண்ணுகிறோம்.

அமெரிக்காவில் மாதந்தோறும் சுமார் 60,000 வீடுகளை எடுத்து நடத்தும் கணக்கெடுப்பு இதற்குப் பழைய உதாரணம். கறுப்பினத்தவரின் வேலையின்மை விகிதம் பல பத்தாண்டுகளாக வெள்ளையரின் விகிதத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்காகவே இருந்து வருகிறது என்பது அதிலிருந்து தெரிந்த செய்தி. பொருளாதாரம் எழுந்தாலும் விழுந்தாலும் அந்த இடைவெளி மூடவில்லை. ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டதால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

குறை எங்கே என்றால், சிறிய இனக்குழுக்களில். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு குழுவைச் சேர்ந்த 200 பேர் மாதிரிக்குள் வருகிறார்கள் என்று வையுங்கள். வேலையில் இருப்பவரும் தேடுபவரும் சேர்த்து. அவர்களில் 20 பேருக்கு வேலையில்லை. விகிதம் 10 சதவீதம். மாதிரி எடுப்பதால் வரும் பிழை வரம்பு, வழக்கமான 95 சதவீத நம்பக அளவில், ஏறக்குறைய 4.2 புள்ளி. உண்மை விகிதம் 5.8 ஆகவும் இருக்கலாம், 14.2 ஆகவும் இருக்கலாம். அடுத்த காலாண்டில் 26 பேருக்கு வேலையில்லை என்று வருகிறது. "ஒரே காலாண்டில் 10இலிருந்து 13 சதவீதமாக உயர்வு" என்று மறுநாள் தலைப்பு வரும், தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து காரணம் சொல்வார்கள். மாறியிருப்பது ஆறே ஆறு பேர். அதுவும் கடலில் குவளை விட்டு எடுத்த நீர் குவளைக்குக் குவளை மாறுவது போன்ற மாற்றமாக இருக்கலாம்.

பத்துக் காலாண்டுகளைச் சேர்த்தால் 2,000 பேர் ஆகிவிடுவார்கள், பிழை வரம்பு 1.3 புள்ளிக்கு இறங்கிவிடும் என்று தோன்றும். தாளில் அது சரி. ஆனால் பிரிட்டன் கணக்கெடுப்பில் ஒரே வீட்டை ஐந்து காலாண்டுகள் தொடர்ந்து கேட்கிறார்கள். சேர்த்துவைத்த 2,000 பேரில் பலர் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தவர்கள். எதிர்பார்த்த அளவுக்குத் துல்லியம் கூடாது. கிடைப்பதும் இரண்டரை ஆண்டுச் சராசரிதான். நடுவில் ஒரு மந்தநிலை வந்து போயிருந்தால் அது அதில் கரைந்திருக்கும்.

பதிலளிப்போர் குறையும்போது முதலில் சேதமாவதும் இந்தச் சிறு குழுக்களின் வரிசைதான். பிரிட்டனின் தொழிலாளர் படைக் கணக்கெடுப்பில் பதில் விகிதம் சரிந்து, 2023 அக்டோபரில் மொத்த நாட்டுக்கான வேலையின்மை மதிப்பீட்டையே வழக்கம்போல் வெளியிட முடியாமல் நிறுத்திவைக்க நேர்ந்தது. நாடு முழுவதற்குமான எண்ணே ஆடும்போது, அதன் ஒரு சதவீத மக்களுக்கான எண்ணை என்ன சொல்வது?

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தக் கணக்கெடுப்புகள் வீடுகளுக்குத்தான் போகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பின் வரம்புக்குள் சிறைகள் வருவதில்லை. சிறையில் கறுப்பின ஆண்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இருக்கிறார்கள். அவர்கள் வேலையில்லாதவர் கணக்கிலும் இல்லை, தொழிலாளர் படைக் கணக்கிலும் இல்லை. விகிதம் உள்ளதைவிட அழகாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு

இங்கே ஆள் பஞ்சம் இல்லை. வருகிறவர் எல்லாரும் எப்படியும் படிவம் நிரப்புகிறார்கள். கூட ஒரு கட்டம் சேர்த்தால் முடிந்தது என்று அமைச்சகத்தில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். செலவும் குறைவு. ஊர் வாரியாகப் பிரிக்கலாம், மாதாமாதம் எடுக்கலாம். கேட்கவே சுவையாக இருக்கிறது.

கவுண்டரில் நின்று பார்ப்போம். வரிசையில் பதினைந்து பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊழியருக்கு ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். முன்னால் நிற்பவர் வேலையை இழந்து மூன்று வாரம் ஆனவர். உதவித்தொகை கிடைக்குமா, பயிற்சிக்கு அனுப்புவார்களா என்பதுதான் அவர் மனத்தில் ஓடுகிறது. அதைத் தீர்மானிக்கப் போவதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான். அவர் இப்போது "உங்கள் இனம்?" என்று கேட்கிறார். நின்றவர் ஒரு நொடி தயங்குகிறார். எந்தப் பதில் தனக்கு நல்லது என்று யோசிக்கிறார். அல்லது ஊழியர் கேட்கவே இல்லை; முகத்தைப் பார்க்கிறார், பெயரைப் பார்க்கிறார், தாமே ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். சங்கடமும் இல்லை, நேரமும் மிச்சம். ஆண்டறிக்கையில் இது "பதிவுதாரர்கள் அறிவித்த இனம்" என்று அச்சாகும்.

முகம் பார்த்து எழுதுவது ஒரு காலத்தில் முறையாகவே இருந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1960 வரை பெரும்பாலும் கணக்கெடுப்பவர்தான் நிறத்தை முடிவு செய்தார். அதன் பிறகே மக்கள் தாமாகச் சொல்லும் வழக்கம் வந்தது. கவுண்டரில் அந்தப் பழைய முறை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

இதைவிடக் கொடிய சிக்கல் கீழ் எண்ணில் இருக்கிறது. அலுவலகத்துக்குத் தெரிவது வேலையில்லாதவர் மட்டுமே. விகிதம் வேண்டுமென்றால் அந்த இனத்தின் தொழிலாளர் படை மொத்தம் வேண்டும். அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் படிவத்தில் "கலப்பினம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அலுவலகப் படிவத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓர் இனத்தின் தொழிலாளர் படை 10,000 பேர், அவர்களில் வேலையில்லாதவர் 1,000 பேர். விகிதம் 10 சதவீதம். கணக்கெடுப்பில் கலப்பினம் என்று எழுதிய 200 பேர் அலுவலகத்தில் வேறு வழியில்லாமல் இந்த இனத்தின் கட்டத்தில் டிக் போடுகிறார்கள். மேல் எண் 1,200 ஆகிறது, கீழ் எண் 10,000ஆகவே நிற்கிறது. விகிதம் 12 சதவீதம். ஒருவருக்குக்கூடக் கூடுதலாக வேலை போகவில்லை. இரண்டு படிவங்களையும் வெவ்வேறு குழு வடிவமைத்தது, அவ்வளவுதான் நடந்தது.

இத்தனைக்கும் பிறகு பதிவேட்டை ஏன் வைத்திருக்க வேண்டும் என்றால், கணக்கெடுப்பால் ஒருபோதும் சொல்ல முடியாத ஒன்றை அது சொல்லும். பதிந்தவர்களில் யாரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், யாருக்கு எத்தனை நேர்முகத் தேர்வு அழைப்பு போனது, யாருடைய உதவித்தொகை நிறுத்தப்பட்டது, ஆறு மாதம் கழித்தும் பட்டியலில் இருப்பவர் யார். இங்கே கீழ் எண்ணும் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒரே தகுதியோடு, ஒரே வாரத்தில் பதிந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் கணினிப் பயிற்சிக்கும் மற்றவரைத் துப்புரவு வேலைக்கும் அனுப்பும் பழக்கம் ஓர் அலுவலகத்தில் இருந்தால், அது இந்தத் தாள்களில்தான் அகப்படும். வேறெங்கும் அகப்படாது.

ஜெர்மனி இதில் கவனமாக நடந்த நாடு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் புலம்பெயர் பின்னணியைக் கேட்பதற்காகவே 2010இல் தனி ஒழுங்குவிதி கொண்டுவந்தது. பதில் சொல்வது விருப்பத்தைப் பொறுத்தது. விவரம் புள்ளியியலுக்கு மட்டும். ஆனால் கவனியுங்கள், கேட்பது இனத்தை அல்ல. குடியுரிமை, பிறந்த இடம், பெற்றோரின் வரலாறு ஆகியவற்றை. அப்படியே நான்காவது வழிக்கு வந்துவிட்டோம்.

பிறந்த நாட்டை வைத்து ஊகிப்பது

ஐரோப்பாவுக்குப் பிடித்த வழி இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுக் காப்பு விதி, 2018 மே முதல் நடைமுறையில் இருப்பது, இனத் தோற்றத்தைத் தனிப் பாதுகாப்புக்குரிய தரவாக வைத்திருக்கிறது. பிறந்த நாட்டை அப்படி வைக்கவில்லை. பிறந்த நாடு மனநிலைக்கு ஏற்ப மாறாது, யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். புதிதாக வந்தவர்களின் நிலையை அறிய இது நல்ல கருவி. மொழி தெரியாதது, வெளிநாட்டுப் பட்டத்துக்கு மதிப்பில்லாதது போன்ற இடர்களை இது நன்றாகவே காட்டும்.

மூன்றாம் தலைமுறையில் கருவி மழுங்கிவிடும். பல தலைமுறையாக அதே மண்ணில் இருக்கும், ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்களுக்கு முதல் நாளிலிருந்தே மழுங்கல்தான். சொல்லும் நிலைப்பதில்லை: ஜெர்மனி 2005 முதல் "புலம்பெயர் பின்னணி" என்று எண்ணி, பிறகு "குடியேற்ற வரலாறு" என்ற வேறொரு வரையறையையும் கொண்டுவந்தது. நெதர்லாந்து "மண்ணவர்", "பிறமண்ணவர்" என்ற பொருள் தரும் பழைய சொற்களை 2016இல் கைவிட்டது.

பெயரை வைத்து இனத்தை ஊகிக்கும் மென்பொருள் பற்றியும் சிலர் பேசுகிறார்கள். அரசு அதன் பக்கமே போகக் கூடாது. கேட்டால் சொல்லக்கூடிய ஆளிடம் கேட்காமல், அவர் முதுகுக்குப் பின்னால் முடிவு செய்வது அது.

கட்டங்களைப் பற்றி

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு கட்டப் பட்டியலில்தான் வந்து நிற்கிறோம். பிரேசிலில் 1976இல் ஒரு வீட்டுக் கணக்கெடுப்பில் நிறத்தைக் கட்டம் போடாமல் கேட்டார்கள். 130க்கும் மேற்பட்ட வெவ்வேறு பதில்கள் வந்தன. அதிகாரபூர்வப் பட்டியல் அதன் பிறகும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. வேறு வழியும் இல்லை.

நமக்குக் கிட்டத்து உதாரணங்களும் உண்டு. இங்கிலாந்தின் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டம் உண்டு, தமிழருக்கென்று கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து போனவர் "வேறு ஆசியர்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பக்கத்துக் கோட்டில் எழுதுவார். சென்னையிலிருந்து போனவர் "இந்தியர்" என்பார். ஒரே தெருவில் வேலை தேடும் இருவர் இரண்டு வரிசையில் போய் விழுவார்கள். "வேறு ஆசியர்" வரிசையின் வேலையின்மை விகிதம் உயர்ந்தால், அதில் இருக்கும் நேபாளியருக்கா, பிலிப்பினோவுக்கா, ஈழத்தமிழருக்கா வேலை போனது என்று அந்த வரி சொல்லாது.

மாறாக, கட்டம் இருந்தும் ஆட்கள் நகர்வதுண்டு. இலங்கையில் இந்தியத் தமிழர் என்ற தனிப் பிரிவு 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து இருக்கிறது. 1981இல் 5.5 சதவீதமாக இருந்த அவர்களின் பங்கு 2012இல் 4 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. புலம்பெயர்வு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. மலையகத்தவர் பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிந்தார்கள். அவர்களுடைய நூற்றாண்டு வரலாற்றைத் தெரிந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளின் வேலையின்மை விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "முன்னேற்றம்" என்று எழுதுபவர், எண்ணப்பட்டவர்கள் அதே மக்கள்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து: கட்டத்தோடு எழுதுவதற்கு ஒரு கோடு, ஒன்றுக்கு மேல் டிக் போட அனுமதி, நாட்டின் எல்லாப் படிவங்களிலும் ஒரே பட்டியல். அமெரிக்கா ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 1997ஆம் ஆண்டு விதியில் வழி செய்தது. 2024இல் பட்டியலையே திருத்தி மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கத் தோற்றத்துக்குத் தனிக் கட்டம் சேர்த்தது. பட்டியல் மாறும், மாறும்போது எல்லாப் படிவங்களிலும் சேர்ந்து மாற வேண்டும், சில காலம் பழையதையும் புதியதையும் சேர்த்தே கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் எதைத் தேர்வேன்

பணமும் ஓரளவு நம்பிக்கையும் உள்ள நாட்டில் இரண்டையும் வைத்துக்கொள்வேன். நாட்டளவு விகிதத்துக்குக் கணக்கெடுப்பு. சிறு குழுக்கள் வாழும் பகுதிகளில் கூடுதல் வீடுகளை மாதிரியில் சேர்ப்பேன். அவர்களுக்கான எண்ணை ஆண்டுக்கு ஒருமுறைதான், பிழை வரம்போடுதான் அச்சிடுவேன். காலாண்டு எண் கேட்டு வரும் செய்தியாளரிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன். கூடவே, பக்கத்து நெடுவரிசையில் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தையும், அதாவது மக்களில் எத்தனை பங்கு பேர் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள் என்பதையும், போடாமல் எந்த அட்டவணையையும் வெளியே விடமாட்டேன். பிரிட்டனில் பாகிஸ்தானிய, வங்கதேசப் பெண்களில் பெரும் பகுதியினர் தொழிலாளர் படைக்கு உள்ளேயே வருவதில்லை. தேடிச் சலித்து நிறுத்தியவரை வேலையின்மை விகிதம் எண்ணாது. அந்த ஒரே எண்ணை மட்டும் பார்த்தால் நிலைமை இருப்பதைவிட நன்றாகத் தோன்றிவிடும்.

பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கணக்கெடுப்பு. பதிவேட்டுக்கு நம்பிக்கை முன்பணம் போல. அது இல்லாமல் தொடங்கினால் வெற்றுக் கட்டங்கள்தான் சேரும்.

பதிவேட்டில் கேட்பதென்றால் கவுண்டரில் கேட்கக் கூடாது. பதிவு முடிந்து, உதவித்தொகை விண்ணப்பமும் கைமாறிய பிறகு, ஒரு தனித் தாள். அதில் பெயர் இருக்காது. ஒரு குறியீட்டு எண் மட்டும். அந்த எண்ணைப் பெயரோடு பொருத்தும் சாவி அலுவலகத்தில் இருக்காது, புள்ளியியல் துறையில் இருக்கும். நிரப்புவது பதிந்தவரின் கை. மடித்துப் பெட்டியில் போடுவதும் அவரே. "சொல்ல விரும்பவில்லை" என்பது ஒரு கட்டம். காலியாக விட்டது வேறு. இரண்டையும் சேர்த்து எண்ணினால் மறுத்தவர் யார், தாளே கொடுக்கப்படாதவர் யார் என்று தெரியாமல் போகும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் கட்டமும் ஊரளவில் வெளியே போகக் கூடாது. பேசாமல் விட்டவர்களின் எண்ணிக்கையை அலுவலகம் வாரியாக அட்டவணையின் கடைசி வரியில் அச்சிட வேண்டும். ஓர் அலுவலகத்தில் மட்டும் அந்த வரி மற்றவற்றைவிட இரு மடங்காக இருந்தால், அங்கே தாள் எந்த மேசையில், யார் கண் முன்னே நிரப்பப்படுகிறது என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.